சராசரிக்குப் பக்கத்தில் இன்னொரு எண்

53, 0, 63, 5, 1.

2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக ருதுராஜ் கெய்க்வாட் எடுத்த ரன்கள் இவ்வளவுதான். ஐந்து ஆட்டம், 122 ரன், சராசரி 24.4. ஏப்ரல் 10ஆம் தேதி, முழங்கையில் மயிரிழை முறிவு என்று சொல்லி மீதித் தொடர் முழுவதிலிருந்தும் அவரை விலக்கிவிட்டார்கள். தோனி மறுபடியும் கேப்டன் ஆனார். அணி 14 ஆட்டத்தில் நான்கை மட்டும் ஜெயித்து, முதல்முறையாகப் பட்டியலில் கடைசி இடத்தில் போய் நின்றது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. கணக்கு வாத்தியார் எதற்கு இதைக் கிளறுகிறார் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள்.

"மூணாவதா எறங்குறவன் ஆவரேஜ் 24டா. அப்புறம் டீம் எப்படி உருப்படும்?"

"அவருக்கு அடிபட்டுச்சுடா."

"அடிபட்டா என்ன? கணக்குன்னா கணக்குதான்."

ஆலப்பாக்கம் வருவதற்குள் இரண்டாவது பையன் வாயை மூடிக்கொண்டான். கணக்கின் பெயரைச் சொல்லி அவனை அடக்கிவிட்டார்கள். 34 வருடம் கணக்குப் பாடம் நடத்தியவனுக்கு அது பொறுக்கவில்லை. பேருந்தில் வாத்தியார் வேலை பார்க்கக் கூடாது என்று பேசாமல் வந்துவிட்டேன். இங்கே அந்தப் பாடத்தை நடத்திவிடுகிறேன்.

முதலில் அந்த ஐந்து எண்களையும் ஏறுவரிசையில் எழுதுவோம். 0, 1, 5, 53, 63. கூட்டினால் 122. ஐந்தால் வகுத்தால் 24.4. கணக்கு சரி. ஆனால் அந்த ஐந்தில் 24க்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை. மூன்று நாள் வந்தவுடன் போயிருக்கிறார், இரண்டு நாள் அரைசதம் அடித்திருக்கிறார். 24 ரன் எடுக்கும் ருதுராஜை அந்தத் தொடரில் யாருமே பார்க்கவில்லை.

இடைநிலை அளவு பார்த்தால் 5. பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் படித்திருப்பீர்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். 27.7 வருகிறது. சராசரியை விடத் திட்ட விலக்கம் பெரியது. மாறுபாட்டுக் கெழு 113 சதவீதம். இப்படி ஒரு விடை வந்தால், "இந்த விவரத்துக்குச் சராசரியை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது" என்று ஓரத்தில் எழுதச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அடுத்தது, 'மூன்றாவதாக இறங்குபவர்' என்ற பேச்சு. ருதுராஜ் பெயர் வாங்கியதெல்லாம் பெரும்பாலும் தொடக்க ஆட்டக்காரராகத்தான். 2021இல் 635 ரன் அடித்து ஆரஞ்சு தொப்பி வாங்கினார். 2023இல் 590, 2024இல் 583. 2025இல் தன்னை மூன்றாம் இடத்துக்கு இறக்கிக்கொண்டார். தொடக்க ஆட்டக்காரருக்குத் தான் எப்போது களத்துக்குள் போகப்போகிறோம் என்று தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. இன்னொருவர் அவுட் ஆவதைப் பொறுத்தது அது.

அந்த ஐந்து ஆட்டத்தையே பாருங்கள். மார்ச் 23, சேப்பாக்கத்தில் மும்பையுடன். இரண்டாவது ஓவரில் 11 ரன்னுக்கு ஒரு விக்கெட் விழுந்தபோது உள்ளே வந்தார். 26 பந்தில் 53. மார்ச் 28, பெங்களூருவுடன். ஹேசில்வுட் ஒரே ஓவரில் ராகுல் திரிபாதியையும் இவரையும் அனுப்பிவிட்டார். நான்கு பந்து, பூஜ்யம். மார்ச் 30, குவாஹாட்டியில் ராஜஸ்தானுடன். முதல் ஓவரிலேயே, அணி ஒரு ரன்கூட எடுக்காத நிலையில் ஆர்ச்சர் ஒரு விக்கெட்டை எடுத்துவிட்டார். அன்றைக்கு மூன்றாவது ஆள் என்பது பெயருக்குத்தான், உண்மையில் தொடக்க ஆட்டக்காரர் வேலை. 44 பந்தில் 63. ஏப்ரல் 5, டெல்லியுடன் 5. ஏப்ரல் 8, பஞ்சாபுடன் 61 ரன் சேர்ந்த பிறகு ஏழாவது ஓவரில் வந்தார், 1 ரன்.

பட்டியலில் ஐந்துக்கும் நேராக '3' என்று ஒரே எண்தான் இருக்கும். பூஜ்யத்துக்கு ஒரு விக்கெட் போன நேரத்தில் வந்ததும், 61க்கு ஒரு விக்கெட் போன நேரத்தில் வந்ததும் ஒரே வேலையா?

இனி காயம். குவாஹாட்டியில் இரண்டாவது ஓவரில் துஷார் தேஷ்பாண்டே வீசிய பந்து ருதுராஜின் வலது கையில் பட்டது. பலர் மறந்துபோன விஷயம் என்னவென்றால், அந்த 63 ரன் அடிபட்ட பிறகு அடித்தது. அதற்கு அப்புறம் ஆடிய இரண்டு ஆட்டத்தில்தான் 5, 1. அந்த ஆறு ரன்னுக்கும் முழங்கைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டார்க்கும் ஃபெர்குசனும் முழங்கை நன்றாக இருப்பவர்களையும் அவுட் ஆக்குகிறவர்கள். நமக்குத் தெரிந்தது இதுதான்: ஐந்தில் இரண்டு ஆட்டம் முழுக்கவும், ஒன்றில் பெரும்பகுதியும், அடிபட்ட கையோடு ஆடியவை. 24.4 என்ற எண்ணைப் பார்த்தால் இது தெரியாது.

இருந்தாலும் கிரிக்கெட் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவே. ருதுராஜ் ஆடாத ஒன்பது ஆட்டத்துக்கும் யாரும் பூஜ்யம் போடவில்லை. 122ஐ 14ஆல் வகுத்து 8.7 என்று எழுதவில்லை. ஆட்டம் 5, இன்னிங்ஸ் 5, ரன் 122 என்று முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகுதான் சராசரியை எழுதுகிறார்கள். நாட் அவுட் ஆனால் அதையும் வகுக்கும்போது சேர்ப்பதில்லை. 2024இல் அவர் 14 இன்னிங்ஸில் மூன்று முறை நாட் அவுட். அதனால் 583ஐ 11ஆல் வகுத்தார்கள், சராசரி சரியாக 53.

இதற்குப் பெரிய உதாரணம் பிராட்மேன். 1938இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 903 ரன் அடித்தது. ஹட்டன் 364 எடுத்த ஆட்டம். பிராட்மேன் பந்து வீசப் போய்க் கணுக்காலை முறித்துக்கொண்டார், இரண்டு இன்னிங்ஸிலும் ஆட வரவில்லை. ஸ்கோர்கார்டில் அவர் பெயருக்கு நேராக 'காயம், வரவில்லை' என்ற பொருளில் எழுதினார்கள். அதை இன்னிங்ஸாகவே எண்ணவில்லை. அவர் கணக்கு 80 இன்னிங்ஸ், 10 நாட் அவுட், 6996 ரன். 70ஆல் வகுத்தால் எல்லோருக்கும் தெரிந்த 99.94. அந்த இரண்டையும் பூஜ்யம் என்று வைத்து 72ஆல் வகுத்திருந்தால் 97.17 ஆகியிருக்கும். வராததும் பூஜ்யமும் வேறு வேறு என்பது அன்றைக்கு ஸ்கோர் எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பள்ளிக்கூடங்களில் இது தெரிவதில்லை.

2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூரைப் போட்டுப் புரட்டிய நாள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஒரு பையன். அவன் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். அப்பா இல்லை, அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். புயல் அன்று ராத்திரி கூரை சரிந்து அவன் வலது கை முறிந்துவிட்டது. மாவுக்கட்டு. காலாண்டில் கணக்குக்கு 78 வாங்கியிருந்தான், அரையாண்டில் 82. ஜனவரியிலிருந்து நடந்த மூன்று திருப்புதல் தேர்வையும் எழுத முடியவில்லை.

பொதுத்தேர்வுக்கு முன்னால் 'மெல்லக் கற்போர்' பட்டியல் போடுவது வழக்கம். கணினியில் எல்லா மதிப்பெண்ணையும் ஏற்றிச் சராசரி எடுத்தார்கள். ஆப்சென்ட் போட்ட இடத்திலெல்லாம் பூஜ்யம் விழுந்தது. 78, 82, 0, 0, 0. கூட்டினால் 160. ஐந்தால் வகுத்தால் 32. தேர்ச்சிக்கு 35 வேண்டும். பையன் பட்டியலில் ஏறிவிட்டான்.

பட்டியலில் ஏறினால் என்ன ஆகும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். கையில் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொடுத்து, "இதை மட்டும் படி, பாஸாகிவிடுவாய்" என்பார்கள். மாலை வகுப்பில் மற்ற பிள்ளைகள் கடினமான கணக்குகளைப் போடும்போது, இவர்கள் வேறு அறையில் வரைபடமும் செய்முறை வடிவியலும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார்கள். உண்மையிலேயே தடுமாறும் பிள்ளைக்கு அது உதவிதான், நானே அந்த அறையில் வகுப்பு எடுத்திருக்கிறேன். 82 வாங்கிய பையனை அங்கே உட்கார வைத்தால் அவன் என்ன நினைப்பான்?

அந்த அம்மா ஒரு நாள் கேட்டுக்கு வெளியே நின்று என்னைக் கேட்டார். "சார், எம் புள்ளைக்குப் படிப்பு ஏறலையா? மக்குப் பசங்க ரூம்ல போட்டுட்டாங்கன்னு அழுவுறான்."

தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. நூறு வேலைக்கு நடுவில், "சார், ஆப்சென்ட்டுக்கு வேற என்ன போடுறது? பூஜ்யம்தானே?" என்றார்.

"எழுதிப் பூஜ்யம் வாங்குனா பூஜ்யம் சார். எழுதாததுக்கு ஒண்ணுமே போடக் கூடாது. 160ஐ ரெண்டால வகுங்க. 80 வரும்."

"ரெண்டு பரீட்சைய வெச்சு 80ன்னு எப்படி நம்புறது?"

நல்ல கேள்வி. இரண்டு தேர்வை வைத்து ஒரு பிள்ளை 80 என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஐந்து இன்னிங்ஸை வைத்து ருதுராஜ் 24 என்று சொல்ல முடியாதது போலத்தான் அதுவும். அதனால், சராசரிக்குப் பக்கத்தில் 'எழுதிய தேர்வுகள்' என்று ஒரு கட்டம் சேர்க்கலாம் என்று சொன்னேன். 80, எழுதியது 2. அதைப் பார்க்கிறவருக்கு இரண்டு விஷயமும் தெரிந்துவிடும்: பையன் நன்றாகப் படிக்கிறவன், ஆனால் கடைசி மூன்று மாதமாக நமக்கு அவனைப் பற்றித் தகவல் இல்லை. அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கட்டுப் பிரித்ததும் ஒரு தேர்வு வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வைத்துப் பார்த்தோம். கை இன்னும் சரியாகவில்லை, வேகமாக எழுத வரவில்லை. 64 வாங்கினான். பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள், மற்ற பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தான். பொதுத்தேர்வில் கணக்குக்கு 71. அது 80உம் இல்லை, 32உம் இல்லை. டிப்ளமோ முடித்து இப்போது நெய்வேலிப் பக்கம் வேலையில் இருக்கிறார். அந்தப் பட்டியலில் அதே காரணத்துக்காக இன்னும் நான்கு பெயர் இருந்தது. ஒன்று மஞ்சள் காமாலையில் படுத்திருந்த பெண்ணுடையது. புதிதாக ஒரு கட்டம் சேர்த்ததும் அந்த நான்கு பேருக்கும் சேர்த்துத்தான் வழி பிறந்தது.

ருதுராஜுக்கு நான் வக்காலத்து வாங்கத் தேவையில்லை. அவருக்கு 635, 590, 583 என்று பழைய கணக்கு பக்கத்திலேயே நிற்கிறது, யாராக இருந்தாலும் தேடிப் பார்த்துவிடலாம். அவருக்குப் பதிலாக வந்த ஆயுஷ் மாத்ரே ஏழு ஆட்டத்தில் 240 ரன் அடித்தார், அதில் பெங்களூருவுக்கு எதிராக ஒரு 94. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதற்கும் பக்கத்தில் '7' என்ற எண்ணைச் சேர்த்தே படிக்க வேண்டும். குறைத்துப் பேசுவதற்கு மட்டும் இல்லை, தூக்கிவைத்துப் பேசுவதற்கும் இதே விதிதான்.

ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பழைய கணக்கை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்? அவனுக்கு அந்த ஒரு தாள்தான்.

இன்றைக்கு வேலையில் இருக்கும் தம்பி, தங்கைகள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். கடலூர் மாவட்டத்தில் புயலும் வெள்ளமும் வராத வருடம் குறைவு. இந்த வருடம் மதிப்பெண் ஏற்றும்போது, ஆப்சென்ட் போட்ட கட்டத்தில் உங்கள் கணினி என்ன செய்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் மாற்றச் சொல்லுங்கள். மாற்ற முடியாது என்றால், பேனாவால் பக்கத்தில் 'எழுதியது இத்தனை' என்று எழுதிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பெற்றோர்களும் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் முன் சராசரியை எத்தனையால் வகுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தப்பாக யாரும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டுவிட்டு, உங்கள் பள்ளியில் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிக்கிறேன்.