நாலு இல்லே, அஞ்சு!

அரியர்ஸ் பேப்பருக்குப் புத்தகம் வாங்கத்தான் போனேன், நம்புங்க! திருவல்லிக்கேணி பாரதி சாலை பிளாட்பாரத்தில், 'எதை எடுத்தாலும் அம்பது' பெட்டிக்குள், பக்திப் பாட்டு ரெக்கார்டுகளுக்கு நடுவே ஒரு மாடர்ன் ஆர்ட் அட்டை எட்டிப் பார்த்தது. டேவ் புரூபெக் குழுவின் 'டைம் அவுட்'. 1959-ல் வந்த ஜாஸ் ரெக்கார்டு. அதுவரை எனக்கு ஜாஸ்னா லிஃப்ட்டில் ஓடுற மியூஸிக்தான்!

பிளேயர் தாத்தாவோடது. மிருதங்கம் வாசிச்சவர். ரெண்டு வருஷம் முன்னாடி வாதம் வந்து வலது கை விழுந்ததிலேர்ந்து, பாட்டுனாலே 'நிறுத்துடா'தான். (பாட்டி சீரியலைக்கூட மியூட்டில் பார்ப்பாங்க, பாவம்!) அதனால கதவைச் சாத்திட்டு, சத்தத்தைக் குறைச்சு வெச்சேன்.

முதல் பக்கம், மூணாவது பாட்டு... 'டேக் ஃபைவ்'. சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட் போட்ட மெட்டு. பியானோ ஒரே சுழலில் விடாம ஓட, சாக்ஸபோன் சோம்பல் முறிச்சபடி அது மேல மிதக்குது. நீங்களும் கேட்டுக்கிட்டே காலால் தட்டிப் பாருங்க. நாலு நாலா தட்டினா, ஒவ்வொரு சுற்றிலும் இடறும். நானும் தப்புத் தப்பா தட்டிட்டிருந்தேன்.

கதவு திறந்தது. தாத்தா! போச்சுடானு ஊசியைத் தூக்கப் போனேன்.

"இருடா. நாலு இல்லே, அஞ்சு. நம்மளது தக தகிட. இவன் திருப்பிப் போட்டிருக்கான்... தகிட தக."

இடது கையால் கதவில் தட்டிக் காட்டினார். டிரம்ஸ் தனியா வாசிக்க ஆரம்பிச்சதும் கண்ணை மூடிட்டார்.

"யார்றா இவன்?"

அட்டையைப் பார்த்து, "ஜோ மோரெல்லோ" என்றேன்.

"மறுபடி போடு."