திரும்பத் திரும்பப் பழைய நிலைக்கே



இந்த வாரம் நம் ஆலயத்தின் மடிக்கணினியைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். ஆராதனையை நேரலையாக அனுப்ப நாம் பயன்படுத்தும் அதே கணினிதான். அதைப் பற்றிப் பேசும்போது என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சவூதியில் வேலைபார்க்கும் அவருடைய மகனுக்கு உடனே புறப்பட்டு அனுமந்தன்பட்டி வந்துசேர வழியில்லை. அடக்க ஆராதனையை நேரலையில் காட்டுவதாக அவருக்கு வாக்களித்திருந்தேன். மடிக்கணினி பக்கத்து மேசையில் இருந்தது. கேமரா தனியே ஒரு வயரில் இணைக்கப்பட்டிருந்தது. திரையின் வெளிச்சம் துக்கத்தில் அமர்ந்திருப்பவர்களின் கண்களை உறுத்தும் என்பதால் வழக்கம்போல அதன் மூடியைத் தாழ்த்தினேன். மூடினாலும் கணினி உறங்காதபடி அமைப்புகளில் நானே முன்பு மாற்றியிருந்தேன். ஆனால் அன்று அது உறங்கிவிட்டது. அரைமணி நேரம் கழித்தே அதை அறிந்தோம். தாயின் முகத்தைக் கடைசியாகக் கண்டு பெட்டி மூடப்படுகிற வேளையை அந்த மகன் காணவில்லை.

அன்று மாலை, ஒலி, ஒளிப் பணியில் உதவுகிற நம் வாலிபத் தம்பியைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அமைப்பை அவன்தான் மாற்றியிருப்பான் என்று எண்ணினேன். “ஐயா, நான் அதத் தொடவே இல்லங்கய்யா” என்றான். நான் நம்பவில்லை. ஏனெனில் அதற்கு முன்னும் இருமுறை நான் சரிசெய்த அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. கணினி தானாக மாறுமா, யாரோ கைவைக்கிறார்கள் என்பதே என் முடிவு.

மூன்று நாள் கழித்து அவன் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வந்தான். “ஐயா, நீங்களே மாத்திவையுங்க. நான் பக்கத்துல நின்னு எழுதிக்கிறேன்” என்றான். அவன் கண்டுபிடித்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கணினியிலும் இதே தொல்லை இருக்கலாம்.

முதலாவது, விண்டோஸில் ஒவ்வொரு மின்சார அமைப்புக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று ‘ஆன் பேட்டரி’, மற்றது ‘பிளக்டு இன்’. ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றைத் தொடாது. மூடியை மூடினால் ‘ஒன்றும் செய்யாதே’ என்று மின்சாரம் இருக்கும்போதைக்கு மட்டும் சொல்லிவைத்தால், மின்தடை வந்த கணத்தில் அந்தக் கட்டளை செல்லாது. மின்வெட்டு நமக்குப் புதிதல்லவே.

இரண்டாவது, இந்த அமைப்புகள் யாவும் ‘பவர் பிளான்’ என்னும் திட்டத்துக்குள் இருப்பவை. பேலன்ஸ்டு, பவர் சேவர், ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று திட்டங்கள் பலவாக இருக்கலாம். பல புதிய கணினிகளில் பேலன்ஸ்டு ஒன்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும். நாம் ஒரு திட்டத்துக்குள் மாற்றிவிட்டுப் போக, கணினி வேறொரு திட்டத்துக்கு மாறிக்கொண்டால், நாம் செய்த மாற்றம் அழியாமலே பயனற்றுப் போகிறது.

தம்பி கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டினான். கணினியிலுள்ள திட்டங்கள் வரிசையாக வந்தன. நடப்பில் இருக்கும் திட்டத்தின் அருகே ஒரு நட்சத்திரக்குறி. நான் மாற்றியமைத்த திட்டத்தின் அருகில்தான் அது நின்றது. அதைக் குறித்துக்கொண்டு கணினியை அணைத்து மீண்டும் இயக்கினான். அதே கட்டளையைத் தட்டியபோது நட்சத்திரம் வேறொரு திட்டத்துக்கு நகர்ந்திருந்தது. எங்கள் இருவரைத் தவிர அந்த அறையில் யாரும் இல்லை. யாரும் அதைத் தொடவுமில்லை.

கணினியோடு சேர்ந்தே வந்த, பேட்டரியைக் காப்பதற்கான சிறிய செயலி ஒன்று, ஒவ்வொரு முறை கணினி விழிக்கும்போதும் நமக்கு முன்பே விழித்து, தன் திட்டத்தை நிலைநாட்டிக்கொண்டிருந்தது. அதில் தீய எண்ணம் ஒன்றுமில்லை. பேட்டரியைப் பேணும்படி அதற்குச் சொல்லப்பட்டதைச் செய்தது. அதற்குள் சென்று, தானாகத் திட்டத்தை மாற்றும் வசதியை நிறுத்தினோம். பிறகு மும்முறை அணைத்து இயக்கினோம். மின்வயரைப் பிடுங்கியும் செருகியும் பார்த்தோம். இரண்டு கட்டங்களிலும் மூடியைத் தாழ்த்திச் சோதித்தோம். நட்சத்திரம் நகரவில்லை.

அலுவலகம் கொடுத்த கணினியாயின், அமைப்பை மாற்றும் அதிகாரம் அங்குள்ள நிர்வாகியிடம் இருக்கலாம். அப்போது நாம் எத்தனை முறை மாற்றினாலும் நிற்காது, அவரிடமே கேட்கவேண்டும்.

பிரியமானவர்களே, இந்தப் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது விளங்காத காரியமல்ல. மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர்ந்த பெரியாற்றின் நீர் 1895 முதல் நம் பக்கம் வருகிறது. கட்டுமானக் காலத்தில் எழுப்பிய கரைகளை வெள்ளம் அடித்துச் சென்றது என்பதை நாம் அறிவோம். வறட்சி தெரிந்தது கீழே, நம் வயல்களில். ஆனால் பென்னிகுக் வேலைசெய்தது மேலே, நீர் எந்தத் திசையில் போகவேண்டும் என்று தீர்மானிக்கப்படுகிற மலையில். நானோ பழுது தெரிந்த இடத்திலேயே மூன்று முறை கைவைத்தேன். அது நிலைக்காதபோது அருகில் நின்ற ஒருவனைக் குற்றவாளியாக்கினேன்.

கோபத்தை அடக்குவேன் என்று உபவாச நாட்களில் தீர்மானிக்கிறேன். சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்புகிறேன். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்வதைக் குறித்துப் பவுல் ரோமருக்கு எழுதிய ஏழாம் அதிகாரத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். எனக்கு முன்பே எனக்குள் விழித்துக்கொள்கிற ஒன்று உண்டு. நான் தவறமாட்டேன், தவறுகிறவர் வேறொருவர் என்கிற எண்ணம் அது. தம்பியைக் கடிந்துகொண்ட மாலையில் பேசியது அதுவே.

பலர் முன்னிலையில் கடிந்துகொண்டதால், அடுத்த ஞாயிறு பலர் முன்னிலையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலைகுனிந்து, “பரவாயில்லங்கய்யா” என்றான். சவூதியிலிருக்கும் மகனிடமும் தொலைபேசியில் பேசினேன். அவர் என்னைக் குறைசொல்லவில்லை. அம்மாவின் முகத்தை யாராவது புகைப்படம் எடுத்தார்களா என்று மட்டும் கேட்டார். ஒருவர் எடுத்திருந்தார், அனுப்பிவைத்தோம். இழந்த அந்த அரைமணி நேரத்தை என்னால் திருப்பித்தர முடியாது.

இப்போது ஒவ்வொரு ஆராதனைக்கு முன்பும் தம்பியும் நானும் சேர்ந்து மூடியைத் தாழ்த்திப் பார்க்கிறோம். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று திரும்பத் திரும்பப் பழைய நிலைக்கே போகுமானால், யாரையும் குற்றப்படுத்துமுன் ஒருமுறை அணைத்து இயக்கி, நட்சத்திரம் எங்கே நகர்கிறது என்று பாருங்கள்.

நம்மை உள்ளே ஆராய்ந்து அறிகிற கர்த்தர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.