மூன்றாவது துண்டு

ஜீன்ஸ் பேன்ட்டின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத் தையல் தடித்து வரும் இடத்தில் 'டக்' என்றொரு சத்தம். ஊசி போய்விட்டது. மேல் பாதியைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டு, "அக்கா, ஒரு ஊசி குடுங்க" என்றேன்.

"ஒடஞ்சத எடுத்துக் குடு கண்ணு. எல்லாத் துண்டும்."

எனக்குத் தையல் சொல்லித்தரும் அக்கா திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 18 வருடம் தைத்தவர். ஏற்றுமதிக்குத் தைக்கும் இடங்களில் ஊசி உடைந்தால், துண்டுகளைத் தேடிச் சேர்த்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்குமாம். குழந்தை போடும் சட்டைக்குள் இரும்பு போய்விடக்கூடாதே. கம்பெனிக்குச் சரி, ஹால் மூலையில் ஒரு கால்மிஷினை வைத்திருக்கும் எனக்கு எதற்கு என்று அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டு துண்டு கிடைத்தது. முனை மட்டும் காணவில்லை. மிஷினுக்கடியில் வெட்டுத்துணி, நூல் பிசிறு, பிரிந்த ஊக்குப் பாக்கெட், பழைய செய்தித்தாள் என்று ஒரு குவியல். ஒவ்வொன்றாக எடுத்து உதறினேன். காணாமல் போயிருந்த இரண்டு பாபின்கள் வந்தன. துணி போதவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் நான் சண்டை போட்ட ரவிக்கையின் பட்டித் துண்டும் வந்தது. அதை அக்கா பார்க்காமல் மடியில் மறைத்துக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அக்கா தரையோடு தேய்த்துக்கொண்டே போனார். என் மகள் மதியம் படுக்கும் ஜமக்காளத்தின் மேல் அது 'டிக்' என்றது. குருணை அளவு முனை.

அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

ஊசி உடைந்ததற்குக் காரணமும் அதே மாதிரி ஒரு குவியல்தான். ரவிக்கைக்கு 14, காட்டனுக்கு 16, ஜீன்ஸுக்கு 18 என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். நான் எல்லா ஊசியையும் ஒரே பஞ்சுத் திண்டில் குத்தி வைத்திருந்தேன். ஊசியின் தண்டில் எண் பொறித்திருக்கும், ஆனால் என் கண்ணுக்குப் பிடிபடாது. ஜீன்ஸில் ஓட்டியது 14.

மறுநாளே ஆறு பிளாஸ்டிக் டப்பா வாங்கி, நூலை நிறவாரியாக அடுக்கி, டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். பெருமையாக இருந்தது. அக்கா பார்த்தார். "உக்காரு. கண்ண மூடிக்க. பாபின் எடு" என்றார். பாபின் டப்பா அடியிலிருந்து மூன்றாவது. தடவியதில் மேலிருந்த மூன்றும் சரிந்து, ஊக்கெல்லாம் தரையில் சிதறியது.

"பாக்க அழகாத்தான் இருக்குது. கைக்கு எட்டோணுமல்ல?"

டப்பாக்கள் சமையலறைக்குப் போயின. பாபின் இடது கைக்குப் பக்கத்தில் மூடியில்லாத தட்டில் வந்தது. நூல் வெட்டும் டிரிம்மரைக் கம்பெனியில் போலவே மிஷினோடு கயிற்றில் கட்டினோம். ஊசிகள் எண் எழுதிய மூன்று தீப்பெட்டிக்குள் போயின. ஒருவருடைய வெட்டுத்துணி, அவருடைய அளவுச்சீட்டோடு அதே கவரில், ரவிக்கையைக் கொடுக்கும் வரை இருக்க வேண்டும். கடைசிச் சட்டத்தை யாருக்காகச் சொன்னார் என்று புரிந்தது. மறைத்தது தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

பாபின் கைக்கெட்டிய பிறகுதான் அதன் நூல் இறுக்கத்தைச் சோதிக்கும் பழக்கம் வந்தது. பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாகச் சுண்ட வேண்டும். வழுக்கி ஓடினால் தளர்வு, அசையாமல் நின்றால் இறுக்கம். இரண்டு விரற்கடை இறங்கி நின்றால் சரி. முதல் இரண்டு மாதம் எனக்கு ஓடவும் செய்தது, நிற்கவும் செய்தது. ஒருநாள் இறங்கி நின்றது. விரல் நுனியில் நூல் மெல்ல இழுத்துப் பிடித்த அந்த உணர்வுக்காக நாலைந்து முறை சும்மாவே சுண்டிப் பார்த்தேன்.

போன வாரம் ஒரு 16 உடைந்தது. இரண்டு துண்டும் உடனே கிடைத்தன. அக்கா அவற்றை ஒட்டிவைத்து, புது ஊசியோடு நீளம் பார்த்துவிட்டுத்தான் அதை என்னிடம் கொடுத்தார்.