பெயரும் பேரும்

ஸ்பானிய மொழியிலே பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன் என்று பொருள். அந்நாட்டின் குவாதல்கிவிர் நதியின் பெயரோ, பேராறு எனப் பொருள்படும் அரபுச் சொற்களின் திரிபு. முஸ்லிம் அரசாட்சி அங்கே 1492இல் முடிந்தது. ஆற்றின் பெயர் முடியவில்லை.

ஆண்டவர் போன பின்பும் அவரிட்ட பெயர் நிலைப்பதைக் காண அத்துணைத் தூரம் செல்ல வேண்டுவதில்லை. அக்கரப்பத்தனையில் பெல்மோரல், நானுஓயாவில் எடின்பரோ, பூண்டுலோயாவில் டன்சினன். மூன்றும் ஸ்கொட்லாந்தின் இடப்பெயர்கள். வேவர்லி என்பது வோல்டர் ஸ்கொட்டின் நாவல். காடழித்துத் தேயிலை நடுவித்த துரைமார் தம் ஊர் நினைவையும் பலகையில் எழுதி நட்டனர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பலகைகள் மாறவில்லை.

ஊரைப் பிரிந்த ஏக்கம் தமிழ்த் தொழிலாளிக்கும் உண்டு. பலகை எழுதும் உரிமைதான் இல்லை. எனினும், தோட்டப் பிரிவுகளை அவன் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தன் மொழியிலேயே அழைத்தான். சங்க நூற் பாகுபாட்டை நாம் வகுப்பில் விளக்கும்போது, "சேர், நாங்க கீழ்க்கணக்கு!" என்று மாணவர் சிரிப்பதுண்டு.

ஆளின் பெயர் என்னவாயிற்று? தோட்டத்திலே 'பேர்' என்பது செக்ரோலில் பதியும் ஒரு நாட்கூலி. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். உழைப்பை அளக்கும் அலகாக மனிதனின் பெயரே ஆக்கப்பட்டது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவனிடமும், தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பத்திரம்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. அங்கும் 'பேர்' வெறும் எண்ணிக்கையே. எஞ்சியோர்க்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் சட்டம்.

ஸ்பானியனின் தந்தை பெயர் முற்காலத்தில் விகுதி பெற்றுப் பின்னே நின்றது. நம் மாணவனின் தந்தை பெயர் ஒற்றை எழுத்தாய் முன்னே நிற்கிறது. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்தும் அடையாள அட்டையில் வேறோர் எழுத்துமாயின், அப்பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் ஆசிரியர் அனைவரும் இதை அறிவர். லய அறைக்குத் தனி முகவரி இல்லாத குறை வேறு.

ஆகவே ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே, பெயரைத் திருத்துவது சிறு காரியமன்று. பாட்டன் பூட்டன் பெயரையும், அவர்கள் மலைகளுக்கு இட்டழைத்த பெயர்களையும் முதியோரிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். முகவரியும் காணியுறுதியும் கேட்கும் போராட்டத்துக்கு அந்த ஏடு முதற் சான்றாகட்டும். அரைப்பேருக்கு உழைத்தவனின் முழுப்பெயர் இம்மண்ணில் எழுதப்பட வேண்டும்.