பன்னிரண்டு கத்தரிக்கோல்கள்



நமது பெண்கள் ஐக்கிய சங்கம் ஆரி வேலை வகுப்பைத் தொடங்கியபோது, கத்தரிக்கோல் வாங்கும் பொறுப்பை நானே கேட்டுப் பெற்றேன். காணிக்கைப் பணத்தில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது என்பது என் எண்ணம். கடையில் சிறு கத்தரிக்கோல்கள் இரு விதமாக இருந்தன. ஒன்று 90 ரூபாய்; மற்றது 40. இரண்டும் ஒரேபோல் பளபளத்தன. பன்னிரண்டு பேருக்கு 600 ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்தைச் சபைக் கமிட்டியில் சற்றுப் பெருமையோடே அறிவித்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆரி வேலையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், கொக்கி நுனியுள்ள ஊசியால் சங்கிலித் தையல் போடுவார்கள். கல்யாணப் பிளவுஸ் என்றால் ஜர்தோசி எனும் சுருள் கம்பியைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கோத்துத் தைப்பார்கள். முடிவில் நூலைத் துணியோடு ஒட்டி அறுக்க வேண்டும்; துணியிலோ கத்தி படக்கூடாது. ஆரோனின் ஏபோத்துக்குப் பொன்னைத் தகடாக அடித்துச் சரிகையாக்கி நூலோடு சேர்த்ததை யாத்திராகமம் 39:3 சொல்லுகிறது. அதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தத் தகட்டை எதனால் வெட்டியிருப்பார்கள் என்று ஒருமுறையும் யோசித்ததில்லை.

வகுப்புக்கு வந்த ஒரு சகோதரி, சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் பதினாறு ஆண்டுகள் உழைத்தவர். தம் மகள் அந்த வேனில் ஏறக்கூடாது என்பதற்காகவே ஊசியைக் கையில் எடுத்தார். மருந்து புழங்கும் அறையில் இரும்புக் கருவிக்கு இடமில்லை, பித்தளையும் மரமுமே. ஒரு பொறி போதும். அந்தப் பழக்கத்தினால் அவர் கத்தரிக்கோலைத் தரையில் வைக்கும்போது தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல வைப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அவருக்கு முதல் ஆர்டர் கிடைத்தது, ஒரு மணப்பெண்ணின் பட்டுப் பிளவுஸ். நான் வாங்கித் தந்த கத்தரிக்கோலோ நுனியில் வெட்டாமல் நூலை மென்றது. சகோதரி அழுத்தினார், பட்டு கிழிந்தது. மழுங்கிய இரும்பைக் கொண்டு வேலை செய்கிறவன் பலத்தை அதிகம் செலவிட வேண்டும் என்கிறது பிரசங்கி 10:10. இங்கே பலத்தோடு துணியின் விலையையும் அவரே கட்ட நேர்ந்தது. நான் மிச்சம் பிடித்த 600 ரூபாயைக் காட்டிலும் அது அதிகம். அடுத்த திங்கட்கிழமை அவர் மறுபடியும் ஆலை வேனில் ஏறினார்.

பணத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். "பணம் வேண்டாம் ஐயா, வெட்டுற கத்திரி ஒண்ணு வாங்கித் தாங்க" என்றார்.

அவரையே கடைக்கு அழைத்துச் சென்றோம். விலையை அவர் முதலில் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரு நுனிகளும் சரியாகச் சேருகின்றனவா என்று பார்த்தார். ஒற்றை இழை நூலை நுனியால் மட்டும் வெட்டினார். வளையத்துக்குள் விரலை நுழைத்து வலிக்கிறதா என்று பார்த்தார். அடித்து இறுக்கிய ஆணி உள்ளவற்றை ஒதுக்கினார். திருகாணி என்றால் தளரும்போது நாமே முடுக்கிக்கொள்ளலாமாம். 500 ரூபாய்க்கும் ஒன்று இருந்தது, அதைத் தொடவில்லை. அதே 90 ரூபாய் வகையில் மூன்றைத் தள்ளி நான்காவதை எடுத்தார். ஒரே விலை, ஒரே பெட்டி. ஆனாலும் நான்கும் ஒன்றல்ல.

நான் வாங்கிய பன்னிரண்டும் குப்பைக்குப் போகவில்லை. ஜர்தோசிக் கம்பியை வெட்டினால் நல்ல கத்தரியின் வாய் கெட்டுவிடும் என்பதால், கம்பிக்கு அவற்றை வைத்துக்கொண்டார்கள். நூலுக்குப் புதியது, கம்பிக்குப் பழையது. இதை முதலிலேயே வகுப்பு ஆசிரியையிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை.

சகோதரி இன்னும் பகலில் ஆலைக்குத்தான் போகிறார். இரவு சட்டத்தின் முன் அமர்கிறார். இதுவரை நான்கு பிளவுஸ் முடித்திருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வரும் சனிக்கிழமை வகுப்பில் மேலும் ஐந்து பேர் சேருகிறார்கள். கத்தரிக்கோல் தேர்ந்தெடுக்க அந்தச் சகோதரி வருகிறார். பையைத் தூக்கிக்கொண்டு நான் உடன் போகிறேன்.