பேகம்பேட் வெயிலுக்கு ஒரு கவுலிங்

மே 3: வெப்பக் கணக்கு

ஹைதராபாத்தின் பேகம்பேட் விமானத்தளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 530 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாத நண்பகலில் வெப்பநிலை 42 டிகிரியைத் தொட்டால், அங்கே ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.05 கிலோ. கடல்மட்டத்தில் 15 டிகிரியில் அதுவே 1.225 கிலோ. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் விமானத்தின் மூக்கில் மோதும் காற்றழுத்தம் 108 மில்லிமீட்டர் நீருயரத்திலிருந்து 93-க்கு இறங்கிவிடும். காற்றே சூடாக இருப்பதால் சிலிண்டரிலிருந்து அது வாங்கிச் செல்லும் வெப்பமும் குறையும். அருகிலுள்ள துண்டிகல் விமானப்படை அகாடமியில் 2009 வரை பயிற்சிக்குப் பறந்த எச்.பி.டி-32 தீபக்கில் இருந்ததும் காற்றால் குளிரும் 260 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின்தான். அதுபோன்ற எஞ்சினோடு வீட்டில் கட்டும் விமானத்தில், எஞ்சினை மூடும் உறையான கவுலிங்கையும் இந்த வெயிலுக்கே வடிவமைக்க வேண்டும்.

மே 6: காற்றுவாய்

கவுலிங்கின் முன்புறக் காற்றுவாயைப் பெரிதாக்கினால் மட்டும் குளிர்ச்சி கூடிவிடாது. உள்ளே போக வழியில்லாத காற்று வெளியே வழிந்து இழுவையைத்தான் கூட்டும். விளிம்பு தடித்து உருண்டிருக்க வேண்டும். ஏறும்போது காற்று கீழிருந்து சாய்வாக வருகிறது. கூரிய விளிம்பில் அது பிய்ந்து சுழலும். வாய்க்குப் பின்னால் பாதை மெல்ல விரிந்தால் வேகம் தணிந்து அழுத்தமாக மாறும். சுவர் ஒரு பக்கத்துக்கு ஏழு டிகிரிக்கு மேல் விரிந்தால் காற்று சுவரை விட்டு விலகத் தொடங்கும்.

மே 10: பேஃபிள்

கவுலிங்குக்குள் எஞ்சினுக்கு மேலுள்ள மேலறையில் சேரும் காற்று, சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்த்தகடுகளான ஃபின்களின் இடுக்கு வழியாக மட்டுமே கீழே இறங்க வேண்டும். காற்றை அந்த வழியில் திருப்பும் பேஃபிள் தகட்டுக்கும் கவுலிங்குக்கும் இடையே சிலிக்கான் ரப்பர் பட்டை ஒட்டுகிறார்கள். பட்டை அழுத்தம் மிகுந்த பக்கமாக மடிந்திருந்தால் காற்றே அதைக் கவுலிங்கோடு அழுத்திப் பிடிக்கும். மறுபக்கம் மடிந்தால் காற்று அதைத் தூக்கிவிட்டு ஓடிவிடும். தகட்டு மூலைகளில் தெரியும் சிறு ஓட்டைகளையும் அடைத்தாக வேண்டும்.

மே 15: வெளிவழி

ஃபின்களைக் கடந்த காற்று சூடேறி விரிந்து, அழுத்தமும் இழந்திருக்கும். அதனால் வெளிவழியின் பரப்பு உள்வாயைவிடக் கால் பங்காவது கூடுதலாக இருப்பது வழக்கம். எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் தீச்சுவரின் கீழ் விளிம்பை வளைத்துவிட்டால் காற்று முட்டாமல் பின்னோக்கித் திரும்பும். ஏற்றத்தில் திறந்து, சமமாகப் பறக்கும்போது மூடும் கவுல் ஃபிளாப் இருந்தால் இரண்டு நிலைக்கும் பொருந்தும்.

மே 21: அளவீடு

ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் ஒரு வெப்பமானி. எஞ்சினின் மேலும் கீழும் நுண்துளையிட்ட குழாய்கள். அவற்றோடு இணைந்த நீர் மானோமீட்டர். ஏற்றத்தில் அழுத்த வித்தியாசம் குறைவாக இருந்து கீழறை அழுத்தம் உயர்ந்திருந்தால் குறை வெளிவழியில். மேலறை அழுத்தமே தாழ்ந்திருந்தால் வாயிலோ கசிவிலோ. ஒரு சிலிண்டர் மட்டும் சூடேறினால் முதலில் அதன் பேஃபிளைப் பார்க்க வேண்டும். லைகமிங் எஞ்சின்கள் பலவற்றுக்குத் தலைவெப்பத்தின் உச்சவரம்பு 260 டிகிரி செல்சியஸ். கடுங்கோடை ஏற்றத்திலும் அதற்கு வெகுவாகக் கீழே நின்றால்தான் வடிவமைப்பு தேறியது. அதன் பிறகே வாயைச் சுருக்கி இழுவையைக் குறைக்கும் வேலையில் இறங்கலாம்.