புதுக் கத்தரி

நீலகிரியின் கட்டபெட்டில் கோத்தகிரி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு, ரோட்டுக்குக் கீழே ஒரு தேயிலைத் துண்டு முழுசாகத் தெரியும். பேச்சும் கேட்கும். மஞ்சு விலகியதும் ஒருவர் இறங்குகிறார். அறுபதைத் தாண்டியவர். தலையில் மப்ளர், இடுப்பில் படங்கு, முதுகில் சாக்கு.

மனைவி தட்டு வைத்த கத்தரியை நீட்டுகிறாள்.

"இது யாரோடது? புதுசா இருக்கே."

"நம்மளோடதுதாங்க."

வாங்கினவர் குனிகிறார். வெட்டு பிசகவில்லை. மேல்மட்டக் கொழுந்து மட்டும் தட்டில் விழ, ஒரு சுண்டு சுண்டித் தோளுக்குப் பின்னால் சாக்கில் தள்ளுகிறார். பத்துச் செடி தள்ளி நிமிர்ந்து, "இது யாரோடது?" என்கிறார். "நம்மளோடதுதாங்க." அவள் குரலில் சலிப்பு இல்லை.

போன மழையில் சரிவில் வழுக்கித் தலை கல்லில் மோதியதாம். டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். கத்தரி வாங்கியது அதற்குப் பிறகு. அதற்கு முன் கையால்தான் பறித்தார். வாங்கியது நினைவில் இல்லை. வெட்டக் கை கற்றுக்கொண்டுவிட்டது.

இப்படி ஒருவரை மருத்துவம் முன்பே கண்டிருக்கிறது. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு, வலிப்பைத் தணிக்க மூளையில் நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸின் ஒரு பெரிய பகுதியை வெட்டி எடுத்தார்கள். புதிதாக நடந்தது ஏறக்குறைய எதுவும் அவர் மனசில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது. அவரோ இதைச் செய்வதே முதல் தடவை என்றார். நடந்ததை நினைப்பதற்கு ஒரு வழி, கைப்பழக்கத்துக்கு வேறு வழி என்று அப்போதுதான் மருத்துவத்துக்குத் தெளிவானது.

பழசும் நம் தேயிலைக்காரருக்குப் போகவில்லை. 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்த குடும்பம். அட்டன் பக்கத்து லயம், தலைமன்னாரில் ஏறின ராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம் என்று கேட்டால் வரிசை மாறாமல் சொல்கிறார். வேரோடிய நினைவுகள் பெரும்பாலும் இப்படித் தப்பிவிடும்.

பஸ்ஸிலிருந்து ஓர் இளைஞன் இறங்கி வரப்புக்குப் போகிறான். "மாமா, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்!"

அவர் முகம் சுருங்குகிறது. கத்தரி தாழ்கிறது. "சிவாவா?"

"இல்ல மாமா, நல்லா யோசிங்க!"

"சிவா..." உதடு நடுங்குகிறது. மனைவி குறுக்கே வருகிறாள். "ஒங்க தங்கச்சி மகன் ரவிங்க. கோயமுத்தூர்லருந்து வந்துருக்கான்."

"ரவியா! வாப்பா, சாப்ட்டியா?"

அவள் செய்ததுதான் சரியான வைத்தியம். இப்படிப்பட்டவர்களை ஊகிக்க விட்டால் தப்பான விடையும் பதிந்துவிடும். அது தப்பு என்று திருத்தியது மட்டும் தங்காது. அதனால்தான் பிழைக்கே இடம் கொடுக்காமல் கற்பிக்கும் முறை நினைவுப் பயிற்சியில் வந்திருக்கிறது.

தலையில் அடிபட்டவரைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து பரீட்சை வைக்காதீர்கள். உங்கள் பெயரையும் உறவையும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.